குழிவீட்டிலிருந்து நூலகத்துக்கு: காம்லூப்ஸ் கட்டடத்தில் எது வேலை செய்கிறது?

கேள்வி இதுதான்: கனடாவின் காம்லூப்ஸ் ஊரில், தாம்சன் ரிவர்ஸ் பல்கலைக்கழகத்தில் நூலகம் இயங்கும் ‘ஹவுஸ் ஆஃப் லேர்னிங்’ (கற்றலின் வீடு) கட்டடம் பூர்வகுடிகளின் குழிவீட்டை, அதாவது பாதி மண்ணுக்குள் இறக்கிக் கட்டிய வீட்டைப் பார்த்து வடிவமைக்கப்பட்டது என்கிறார்கள். அது வெறும் தோற்றம்தானா, ஆற்றலை மிச்சப்படுத்தவும் உதவுமா? கட்டடக்கலைக் கடைசி வருட புராஜெக்டுக்கு இதே பாணியில் ஒரு நூலகம் வரையலாமா?

வரையலாம். வட்டம் போடுவதற்கு முன் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். குழிவீடு ஒரு குளிர்கால வீடு. டிசம்பர் வாக்கில் உள்ளே போனவர்கள் பனி உருகத் தொடங்கியதும் வெளியே வந்துவிடுவார்கள்; கோடைக்குக் கோரைப்பாய் போர்த்திய லேசான குடில்கள் தனி. நூலகம் ஜனவரியிலும் ஜூலையிலும் திறந்திருக்க வேண்டும். குழிவீட்டைப் பின்பற்றும் கட்டடங்களில் வரும் கோளாறுகளில் பாதி, இந்த ஒரு வித்தியாசத்தை மறந்ததால் வருபவை.

காம்லூப்ஸ் மழை குறைந்த ஊர். ஆண்டுக்கு ஏறத்தாழ 280 மி.மீ., அதிலும் ஒரு பங்கு பனியாகப் பெய்வது. குளிர்காலத்தில் மைனஸ் 20 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு; 2021 ஜூன் 29 அன்று அதே ஊரில் 47.3 டிகிரி பதிவானது. வடக்கு, தெற்கு தாம்சன் ஆறுகள் இங்கேதான் கூடுகின்றன; ஊரின் பெயருக்கே நீர் கூடுமிடம் என்றுதான் பொருள். இது செக்வெபம்க் என்ற பூர்வகுடி மக்களின் நிலம். குழிவீட்டைப் பொதுவாக ‘கெக்குலி’ என்பார்கள். அது சினூக் என்ற வணிகக் கலப்புமொழியின் சொல். ‘கீழே’ என்று பொருள்.

குழிவீடு எப்படி எழும்பும் என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். இடம், பெரும்பாலும் ஆற்றங்கரை மேட்டில் மணலும் சரளையும் கலந்த நிலம்: தோண்ட எளிது, தண்ணீர் நிற்காது. கயிறு பிடித்து 20 முதல் 50 அடி குறுக்களவில் வட்டம் போடுவார்கள். பெண்கள் தோண்டுகோலால் மண்ணைக் கிளறிக் கூடையில் அள்ளி விளிம்பிலேயே கொட்டுவார்கள், பிறகு கூரைக்கு அந்த மண்தான். ஆழம் மூன்று, நான்கு அடி. உள்ளே நான்கு தூண்களை மண்ணில் ஒன்றே கால் அடி இறக்கி நடுவார்கள். அவற்றின் தலையில் கைமரங்கள் ஏறி, நடுவில் நான்கடிச் சதுரத் துளை விட்டு நிற்கும். கைமரங்களுக்குக் குறுக்கே அடிக்கு ஒன்றாக வரிச்சு, கட்டுவதற்கு வில்லோ மிலாறு. வரிச்சின் மேல் நெருக்கமாகக் கழிகள், அதன் மேல் பைன் ஊசியிலையோ காய்ந்த புல்லோ ஒரு படுகை, கடைசியாக மண்ணைக் கொட்டி மிதித்து இறுக்குவது. நடுத்துளைதான் புகைபோக்கி, வாசலும் அதுவே. படி வெட்டிய ஒற்றை மரத்தைச் சாய்த்து இறங்குவார்கள். அந்த மரத்தின் பின்பக்கம் கை பிடிக்க நீளவாக்கில் ஒரு பள்ளம் இருக்கும். அடுப்புத் தீ ஏணியைப் பிடிக்காமலிருக்க இடையில் ஒரு கற்பலகை. 20, 30 பேர் கைகொடுத்தால் ஒரே நாளில் வீடு எழுந்துவிடும் என்று பழைய பதிவுகள் சொல்கின்றன. அதில் 15 முதல் 30 பேர் வரை இருப்பார்கள்.

இதில் சூடு எங்கிருந்து வருகிறது? ‘மண் கதகதப்பாக வைக்கும்’ என்று எல்லோரும் எழுதுகிறார்கள், அது பாதிதான் உண்மை. மண் வெப்பத்தைத் தடுப்பதில் மட்டமான பொருள். 30 செ.மீ. மண்ணின் வெப்பத் தடை 0.3 என்றால் (சதுர மீட்டர்-கெல்வின்/வாட் கணக்கில்), 10 செ.மீ. எக்ஸ்.பி.எஸ். (வெப்பத்தைத் தடுக்கும் கெட்டி நுரை) பலகையின் தடை ஏறக்குறைய 2.9. பத்து மடங்கு வித்தியாசம், அதுவும் மூன்றில் ஒரு பங்கு தடிமனில். மண்ணின் பலம் வேறு: அது தாமதப்படுத்தும். சாதாரண மண்ணில் இரண்டே கால் மீட்டர் ஆழத்தில் கோடை-குளிர் ஏற்ற இறக்கம் மூன்றில் ஒரு பங்கு சொச்சமாகச் சுருங்கி, இரண்டு மாதம் பின்தங்கி வரும். குழிவீட்டின் நான்கடி ஆழத்திலோ அந்த ஏற்ற இறக்கத்தில் பாதிக்கு மேல் இன்னும் மிச்சமிருக்கும். ஆக, குழி தானாகச் சூடாக இராது. வெளியே மைனஸ் 20 இருக்கும்போது குழி மண் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும், அவ்வளவுதான். மிச்ச வேலையைச் செய்தவை மூன்று: காற்று நேராக அடிக்காத குழிவான அமைப்பு, ஊசியிலைப் படுகைக்குள் சிக்கிய காற்று, உள்ளிருக்கும் ஆட்கள். 25 பேர் என்றால் ஆளுக்கு 100 வாட் வீதம் இரண்டரை கிலோவாட் ஹீட்டர் இரவு பகலாக ஓடுவதற்குச் சமம். அதோடு ஒரு சின்ன அடுப்பு போதும்.

இப்போது அந்த ஆட்கள் கணக்கை, இதே பாணி நூலகத்தில் எல்லோரும் கூடும் அரங்குக்குப் போடுங்கள். 300 பேர் உட்கார்ந்தால் 30 கிலோவாட், மடிக்கணினிகளும் விளக்குகளும் தனி. குழிவீட்டுக்குச் சூடு போதாத பிரச்சினை. நிறைந்த அரங்குக்குச் சூடு வெளியேறாத பிரச்சினை. குளிர்காலத்தின் நடுவிலும் நிரம்பிய அரங்கத்தைக் குளிர்விக்க வேண்டி வரலாம்.

கட்டடத்துக்கு வருவோம். 2011-ல் திறக்கப்பட்டது. டயமண்ட் ஷ்மிட் கட்டடக்கலை நிறுவனத்தின் வடிவமைப்பு, பசுமைக் கட்டடங்களுக்கான ‘லீட்’ தங்கச் சான்று பெற்றது. இதில் வடிவமைப்பாளர்கள் எடுத்த நல்ல முடிவு, குழிவீட்டை மொத்தக் கட்டடத்துக்கும் இழுக்காதது. எல்லோரும் கூடும் வட்ட அரங்கு மட்டும் குழிவீட்டின் வடிவில், புல் போர்த்திய சரிவோடு நிற்கிறது. புத்தகமும் படிப்பு மேசையும் சாதாரண நேர்கோட்டுத் தளங்களில். கூடிப் பேசும் இடத்துக்குத்தான் குழிவீடு பொருந்தும், அலமாரிக்குப் பொருந்தாது.

ஏன் பொருந்தாது என்பதைப் பென்சிலால் போட்டுப் பார்க்கலாம். வட்ட அறையில் 6 மீட்டர் நீள அலமாரிகளைச் சக்கர ஆரம் போல வையுங்கள். உள்முனை மையத்திலிருந்து 4 மீட்டர், வெளிமுனை 10 மீட்டர். உள்முனையில் அலமாரிக்கு அலமாரி 1.5 மீட்டர் இடைவெளி வைத்தால் வெளிமுனையில் அது 3.75 மீட்டராக விரியும். சராசரி 2.6 மீட்டர். அதே அலமாரிகளை நேர்வரிசையில் வைத்தால் 1.5 மீட்டர் போதும். வட்டத்துக்காக 75 சதவீதம் கூடுதல் தரை செலவாகிறது. அந்தத் தரையைச் சூடாக்க வேண்டும், விளக்குப் போட வேண்டும், பெருக்க வேண்டும். கனடா விதிப்படி புத்தக அடுக்குப் பகுதியின் தளம் சதுர மீட்டருக்கு 7.2 கிலோநியூட்டன் தாங்க வேண்டும், வாசிப்பறைக்கு 2.9 போதும். இரண்டையும் கலந்து வரைந்துவிட்டு, பத்து வருடம் கழித்து வாசிப்பறையில் அலமாரி நகர்த்தினால் தளம் தொய்யும். புத்தகம் நிற்கக்கூடிய இடம் எது என்பதை வரைபடத்திலேயே கோடு போட்டுக் காட்டிவிடுங்கள்.

வட்டமாகவே ஒரு பல்கலைக்கழக நூலகம் பார்க்க வேண்டுமென்றால் வான்கூவரில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1993-ல் திறந்த ‘ஹ்வெய்ஹ்வா’ நூலகம் இருக்கிறது. அதுவும் கடலோரத்தை விட்டு உள்ளே தள்ளி வாழும் சேலிஷ் பூர்வகுடிகளின் குழிவீட்டை மாதிரியாகக் கொண்டதுதான். தொகுப்பு சிறியது என்பதால் வட்டம் அங்கே தாங்குகிறது. பெயருக்கு ஸ்குவாமிஷ் மொழியில் எதிரொலி என்று பொருள். வட்ட அறைக்கு இதைவிட எச்சரிக்கையான பெயர் கிடைக்காது: குழிந்த கடினச் சுவர் ஒலியை மையத்துக்கே திருப்பி அனுப்பும், நடுவில் நிற்பவருக்குத் தன் குரலே தலைக்குள் கேட்கும். மண்ணும் மரமும் பாயும் இருந்த குழிவீட்டில் இந்தத் தொல்லை குறைவு. கான்கிரீட், கண்ணாடி வந்ததும் பெரிதாகும். சுவரில் மரப்பட்டிகளை இடைவெளி விட்டு அடித்து, பின்னால் 5 செ.மீ. கனிமக் கம்பளி (ஒலியை உறிஞ்சும் பஞ்சுப் பலகை) வையுங்கள். பட்டிகளின் கோணத்தையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். சீலிங்கில் மட்டும் ஒலி உறிஞ்சி ஒட்டிவிட்டுச் சுவரை விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. ஒலி குவிவது சுவரிலிருந்து.

அடுத்து மண்ணும் புல்லும் போட்ட கூரை. படத்தில் அழகாக இருக்கும். கையைச் சுடுவதும் இங்கேதான்.

எடையைப் பாருங்கள். 20 மீட்டர் குறுக்களவுள்ள அரங்கின் கூரைப் பரப்பு ஏறத்தாழ 314 சதுர மீட்டர். 30 செ.மீ. சாதாரண மண் நனைந்தால் சதுர மீட்டருக்கு 550 கிலோவரை வரும், மொத்தம் 170 டன். பனி அதற்கு மேல். அதைத் தாங்கப் பெரிய உத்தரம், கூடுதல் கம்பி, கூடுதல் சிமென்ட். ‘பசுமை’ என்று மண்ணைப் போட்டு அதற்காகச் சிமென்ட்டை இரட்டிப்பாக்கினால் கார்பன் கணக்கு தலைகீழாகிவிடும். குழிவீட்டுக்காரர்களுக்கு அந்தக் கணக்கு இல்லை. மரம் உளுத்தாலும் பூச்சி ஏறினாலும் கூரையை எரித்துவிட்டு அதே குழியில் புதிதாகக் கட்டினார்கள். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் லில்லூயெட் அருகே கீட்லி கிரீக்கில் இன்றும் 100-க்கு மேற்பட்ட குழிகளின் தடம் தெரிகிறது. நாம் 60 வருடத்துக்குக் கட்டுகிறோம். ஆகவே 12 செ.மீ. இலகு வளர்ப்பூடகம் (மண்ணுக்குப் பதில் செடி வளரப் போடும் லேசான கலவை) போதும். நனைந்தாலும் 150 கிலோவைத் தாண்டாது. மொத்தம் 45, 50 டன்னோடு முடியும். வெப்பத் தடையை மண்ணிடம் எதிர்பார்க்காமல் அடியில் போடும் பலகையிடம் ஒப்படையுங்கள்.

அடுக்கு வரிசை கீழிருந்து மேல்: சரிவுள்ள தளம், பிரைமர், இரண்டு அடுக்கு நீர்த்தடுப்புச் சவ்வு, வேர்த் தடுப்புத் தாள், எக்ஸ்.பி.எஸ். பலகை 15 செ.மீ., வடிகால் பாய், வடிதுணி, மேலே வளர்ப்பூடகம். சவ்வு பலகைக்குக் கீழே வருவதால் வெயிலும் பனியும் அதை நேரடியாகத் தாக்காது. தெர்மாகோலை இங்கே போடாதீர்கள், அது நாளடைவில் தண்ணீர் குடிக்கும்.

தட்டைத் தளமென்றால் மண் போடுவதற்கு முன் வடிகாலை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் கட்டி நிறுத்துங்கள். சரிவில் தண்ணீர் நிற்காது, மின்சாரம் செலுத்திச் சவ்வின் ஓட்டையைக் கண்டுபிடிக்கும் சோதனை வையுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு மண் போட்ட பிறகு ஒழுகினால், உள்ளே சொட்டும் இடத்துக்கும் ஓட்டை இருக்கும் இடத்துக்கும் சம்பந்தமே இருக்காது. தண்ணீர் பலகைக்கடியில் பல மீட்டர் நடந்து போய்ச் சொட்டும். ஓட்டை பெரும்பாலும் நடுப்பரப்பில் இராது. வானொளிச் சன்னலின் சட்டம், குழாய் துளைக்கும் இடம், கைப்பிடிச்சுவர் சேரும் மூலை, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். சவ்வை மண்மட்டத்துக்கு மேல் குறைந்தது 20 செ.மீ. ஏற்றி முடித்து, தகடு போட்டு மூடுங்கள்.

சரிவு மூன்றுக்கு ஒன்றைத் தாண்டினால் மண் வழுக்கும். குறுக்குத் தடுப்புகளோ தேன்கூட்டு அறைப் பாயோ வேண்டும், அவற்றின் இழுவையை உச்சியில் ஒரு வளையத்தில் கட்ட வேண்டும். சவ்வைத் துளைத்து ஆணி அடித்துத் தடுப்பை நிறுத்துவது தற்கொலை. செடி விஷயத்தில், 280 மி.மீ. மழையூரில் புல்தரைப் புல் விரித்தால் கோடை முழுக்கக் குழாயைத் திறந்து வைக்க வேண்டும். அந்தப் பள்ளத்தாக்கில் தானாக வளரும் கொத்துப்புல் வகைகள் ஜூலையில் பழுப்பாகும், செத்துப்போகாது. பழுப்பைப் பார்த்து நிர்வாகம் பதறி ஸ்பிரிங்ளர் மாட்டிவிடும். கோடையில் புல் பழுக்கும் என்பதை ஒப்படைப்புக் கையேட்டிலேயே எழுதிவிடுங்கள்.

மண் அணைத்த சுவர் 3 மீட்டர் உயரம் என்றால் அடியில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 27 கிலோநியூட்டன் தள்ளும், அதுவும் மண் வடிந்திருந்தால். தண்ணீர் கட்டினால் மொத்த அழுத்தம் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறும். எனவே சுவருக்கு வெளியே சரளை, அடியில் துளைக்குழாய், அந்தக் குழாயைப் பிற்பாடு கழுவ மேலே ஒரு திறப்பு.

இனி அந்த நடுத்துளை. புகைத்துளையை வானொளிச் சன்னலாக்கி, ‘சூடான காற்று தானாக மேலேறிப் போகும்’ என்று அம்புக்குறி போடாத மாணவர் வரைபடம் கிடையாது. கணக்கைப் பாருங்கள். உயரம் 10 மீட்டர், உள்ளே 21, வெளியே மைனஸ் 10 என்றால் மேலிழுக்கும் அழுத்தம் 14 பாஸ்கல். நல்ல இழுவைதான், ஆனால் அது நடப்பது நீங்கள் சூட்டைக் காப்பாற்ற நினைக்கும் நாளில். வெளியே 35, உள்ளே 25 இருக்கும் நாளில் வெறும் 4 பாஸ்கல், திசையும் கீழ்நோக்கி. அம்புக்குறியைத் திருப்பிப் போட வேண்டும். கோடையில் இந்தத் துளை உதவுவது இரவில் மட்டும்: வெளிக்காற்று உள்ளதைவிடக் குளிர்ந்த பிறகு திறந்து, கான்கிரீட்டின் சூட்டைக் கழுவி, காலை ஏழு மணிக்குள் மூடுவது. அதற்கு மோட்டார் திறப்பி, மழை உணரி இரண்டும் வேண்டும். காட்டுத்தீப் புகை சூழும் நாட்களில் திறக்காமலிருக்க ஒரு தடைச் சுவிட்சும் வையுங்கள், அந்தப் பகுதியில் ஆகஸ்ட் என்றாலே புகை.

குளிர்காலத்துக்கு இயந்திரக் காற்று தவிர வழியில்லை. 300 பேர் அரங்குக்கு வினாடிக்கு ஏறத்தாழ 1,250 லிட்டர் வெளிக்காற்று வேண்டும். மைனஸ் 20-லிருந்து 20 டிகிரிக்கு ஏற்ற 60 கிலோவாட். போகும் காற்றின் சூட்டில் முக்கால் பங்கை மீட்கும் வெப்ப மீட்பி வைத்தால் 15. கட்டடத்தில் ஆற்றலை நிஜமாக மிச்சப்படுத்தும் பெட்டி இதுதான், மேலிருக்கும் புல் அன்று.

புத்தகங்களுக்கு இருபக்கமும் ஆபத்து. மண்ணணைந்த குளிர்ச் சுவரில் கோடை ஈரம் படிந்தால், 65 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் பூஞ்சை பிடிக்கும். ஆகவே அந்தச் சுவரோடு அலமாரியை ஒட்டாதீர்கள். ஒரு கை அகலமாவது காற்று ஓட விடுங்கள். குளிர்காலத்தில் நேர்மாறு: மைனஸ் 10-ல் உள்ள வெளிக்காற்றைச் சூடாக்கினால் உள்ளே ஈரப்பதம் 10 சதவீதத்துக்கு இறங்கும், புத்தக முதுகுப் பசை விரிசல் விடும். காம்லூப்ஸ் கட்டடத்துக்குள் இருக்கும் செடிச்சுவர் இந்த வறட்சிக்கு ஓரளவு ஈரம் தரும். ஆனால் செடிக்கு ஆயிரம் லக்ஸ் வெளிச்சம் வேண்டும், புத்தகத்துக்கு அது எதிரி. இரண்டையும் ஒரே அறையில் வைக்காமல் செடியை நடுக்கூடத்தில் நிறுத்துவதே சரி. பம்பு நின்றால் இரண்டு நாளில் செடி துவளும், எனவே மாற்றுப் பம்பு ஒன்று, கீழே தரை நனையாமல் ஏந்து தொட்டி ஒன்று.

மரபு என்று பேசும்போது கட்டடத்தோடு நின்றுவிடக் கூடாது. யாருடைய மரபு என்பது முதல் கேள்வி. குழிவீடு செக்வெபம்க், ந்லகபமுக், ஸ்டட்லியம், சியில்க்ஸ் போன்ற, கடலோரத்தை விட்டு உள்ளே வாழும் பூர்வகுடிகளுடையது. கடலோரத்தாருடையது தேவதாருப் பலகையிட்ட நெடுவீடு. இரண்டையும் கலந்து, முன்னால் ஒரு டோட்டம் கம்பத்தையும் (உருவங்கள் செதுக்கிய மரத்தூண்) நட்டால் அந்த ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிப்பதோடு நின்றால் அதிர்ஷ்டம். 1890-ல் தொடங்கிய பூர்வகுடிக் குழந்தைகளுக்கான உறைவிடப் பள்ளி இருந்த ஊர் காம்லூப்ஸ். பிள்ளைகளைப் பிரித்துக் கொண்டுவந்து தாய்மொழியை மறக்கடித்த இடம். அங்கே ‘கற்றலின் வீடு’ என்று பெயர் வைத்தால் அதை அந்த நினைவோடுதான் கேட்பார்கள். அதனால் கலந்தாலோசனையை வரைபடம் முடிந்த பிறகு ஒப்புதல் வாங்கும் சடங்காக வைக்காமல், இடம் தேர்வு செய்யும்போதே தொடங்க வேண்டும். நேரடியான ஒரு தேவையையும் கேட்டறியலாம்: மூலிகைப் புகையிடும் சடங்குக்கு அறை. அதற்குத் தனி வெளியேற்று விசிறி, மறுசுழற்சி இல்லாத டக்ட், சடங்கு நேரத்தில் மட்டும் புகை உணரிக்குப் பதில் வெப்ப உணரி வேலை செய்யும் ஏற்பாடு. இதைப் பிறகு சேர்க்கலாம் என்று விட்டால், முதல் நாளே தீ மணி அடித்துக் கட்டடம் காலியாகும்.

அலமாரி வரிசையிலும் மரபு உண்டு. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் புத்தகப் பகுப்பு முறையில் வட அமெரிக்கப் பூர்வகுடிகள் பெரும்பாலும் வரலாற்றுப் பிரிவுக்குள் அடங்கி, இனங்கள் அகரவரிசையில் நிற்கின்றன; பக்கத்து ஆற்றங்கரை உறவுக்காரர்கள் அலமாரியில் பல தட்டுகள் தள்ளிப் போய்விடுகிறார்கள். கனடாவின் கானவாகேயைச் சேர்ந்த, மொஹாக் பூர்வகுடி நூலகர் பிரையன் டீர் 1974 முதல் 1976 வரை வேறொரு பகுப்பு முறையை உருவாக்கினார்: நிலத்தில் அண்டையில் வாழ்பவர்கள் அலமாரியிலும் அண்டையில். ஹ்வெய்ஹ்வா நூலகம் அதன் ஒரு வடிவத்தைத்தான் பயன்படுத்துகிறது. உங்கள் புராஜெக்டில் தளவரைபடத்தோடு அலமாரி வரைபடமும் ஒன்று சேருங்கள். எந்தத் தொகுப்பு வாசல் பக்கம், எது எதன் பக்கத்தில் என்பதை அந்த மக்களிடம் கேட்டு வரைந்தால், மதிப்பெண் போடுபவர் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

இடத்தைச் சென்னைக்கு மாற்றி இதே குழியைத் தோண்டலாமா என்று கேட்டால், வேண்டாம். ஆழ் மண்ணின் வெப்பம் அந்த ஊரின் ஆண்டுச் சராசரிக் காற்று வெப்பத்தை ஒட்டி இருக்கும். காம்லூப்ஸில் அது 9 டிகிரி அளவு, சென்னையில் 28, 29. குளிர்ச்சி கிடைக்காது, ஐப்பசி மழையில் நிலத்தடி நீர்தான் உள்ளே வரும்.